இருமல் இல்லாத வீடு

ரிப்கா: அக்கா, வந்துட்டீங்களா! எனத்த கேட்டாங்க? மொகமெல்லாம் வேர்த்தீக்கி...

ஷிரோமி: கொஞ்சம் இருங்க. ஒரு வாய் தண்ணி...

ரிப்கா: இந்தாங்க, என்ட போத்தல். எனக்கு எப்பிடியும் எறங்காது. அடுத்தது நான்தானே.

ஷிரோமி: ஆ... இப்பதான் உசிரு வந்துச்சு. உங்க பேரு என்னான்னு சொன்னீங்க?

ரிப்கா: ரிப்கா. ஊரு அக்குறணை. நீங்க ஷிரோமி, மஹய்யாவ. காலையிலேருந்து பக்கத்துப் பக்கத்துல ஒக்காந்தீக்கிறோம், அதுக்குள்ள மறந்துட்டீங்க!

ஷிரோமி: உள்ள போனதும் எம்பேரே மறந்துருச்சு.

ரிப்கா: எத்தன பேர் ஈக்காங்க?

ஷிரோமி: மூணு பேரு. நடுவுல டொக்டர் மெடம். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட ஆம்பள சேர். அவரு வாயே தொறக்கல்ல, பேனாவ மட்டும் மூடி மூடித் தொறந்தாரு. மத்தப் பக்கம் ஒரு வெள்ளக்கார மிஸ். சும்மா சும்மா சிரிச்சாங்க. அதுதான் இன்னும் பயம்.

ரிப்கா: இங்கிலீஸ்லயா கேட்டாங்க?

ஷிரோமி: மொதல்ல இங்கிலீஸ். அப்புறம் சிங்களம். கடைசியா மெடம் பாவம் பாத்து தமிழ்ல கேட்டாங்க. மூணுலயும் முழிச்சேன்.

ரிப்கா: சும்மா சொல்லாதீங்க.

ஷிரோமி: சத்தியமா. "உங்க வீக்னஸ் என்ன"ன்னு கேட்டாங்க. நான், "முந்தி இருந்துச்சு மெடம், இப்ப நல்லா சாப்புடுறேன்"னுட்டேன்.

ரிப்கா: அல்லாஹ்வே! ...சிரிக்கக் கூடாது, மன்னிச்சிக்கோங்க அக்கா...

ஷிரோமி: சிரிங்க, சிரிங்க. அந்த சேர் அதுக்கு மட்டும் வாயத் தொறந்தாரு. வெள்ளக்கார மிஸ்ஸுக்கு இங்கிலீஸ்ல மாத்திச் சொன்னாரு. அவங்களும் சிரிச்சாங்க.

ரிப்கா: "ஏன் இந்த வேலைக்கி வந்தீங்க"ன்னு கேட்டாங்களா? எனக்கு அதுதான் மிச்சம் பயம்.

ஷிரோமி: கேக்காம விடுவாங்களா? "இது காசநோய் சங்கம். வெயில் மழை பாக்காம வீடு வீடா ஏறி எறங்கணும். இருமுறவங்களத் தேடிப் போயி, பேசி, கிளினிக்குக்குக் கூட்டிட்டு வரணும். ஏன் வந்தீங்க?"ன்னாங்க.

ரிப்கா: எனத்த சொன்னீங்க?

ஷிரோமி: சமூக சேவைல விருப்பம்னேன். "இன்னைக்கி வந்த எல்லாருமே அதத்தான் சொல்றாங்க"ன்னாங்க மெடம்.

ரிப்கா: அப்ப உங்களுக்கு வேற காரணம் ஈக்கா?

ஷிரோமி: ...நீங்க ஏன் வந்தீங்க?

ரிப்கா: எனக்கும் சமூக சேவைதான்.

ஷிரோமி: ம்.

ரிப்கா: ம்.

திருச்செல்வம்: பிள்ளையள், உள்ள தேத்தண்ணி குடிக்கினம், அதுதான் சுணக்கம். ரிப்கா, இன்னும் கொஞ்ச நேரத்தில கூப்பிடுவன். ஷிரோமி, நீங்களும் போயிடாதேங்கோ. முடிவு இண்டைக்கே சொல்லுவினமாம்.

ஷிரோமி: சரிங்க ஐயா, இருக்கேன்.

ரிப்கா: இவர்தானே காலையில கேட் தொறந்துவிட்டவர்?

ஷிரோமி: ஆமா, திருச்செல்வம் ஐயா. இங்க கிளாக்கு வேல. நல்ல மனுசன். யாழ்ப்பாணம் போல.

ரிப்கா: அக்கா... கோவிக்காம சொல்லுங்க. எதுல மாட்டினீங்க?

ஷிரோமி: வெளியில சொல்லலாமோ என்னமோ... சரி, சொல்றேன். கடைசியா நடிக்கச் சொன்னாங்க.

ரிப்கா: நடிக்கவா? ஸ்கூல் நாடகம் மாதிரியா?

ஷிரோமி: அப்பிடித்தான். மெடம் வீட்டுக்காரி. நான் சங்கத்துலருந்து போற ஆளு. கதவத் தொறந்து, "எங்க வீட்டுல யாருக்கும் இருமல் இல்ல, போயிட்டு வாங்க"ங்கிறாங்க. அந்த நேரம் பாத்து கண்ணாடி சேர் கதிரையத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருமுறாரு. லொக்கு லொக்குன்னு.

ரிப்கா: பொறகு?

ஷிரோமி: நெஜமா இருமுற மாதிரியே இருமினாரு. எனக்கு வாயடச்சுப் போச்சு. "ம், பேசுங்க"ன்னாங்க மெடம். ஒரு வார்த்த வரல்ல. "சரி, வெளியில இருங்க"ன்னுட்டாங்க.

ரிப்கா: எனத்த பேசணும்னு தெரியல்லயா?

ஷிரோமி: எனக்கா தெரியல்ல? எல்லாம் தெரியும் ரிப்கா. அதான் வயிறு எரியுது.

ரிப்கா: அப்ப எனக்குச் சொல்லித் தாங்க. என்னயும் அப்பிடித்தானே கேப்பாங்க. நான் ஊட்டுக்காரி. நீங்க வாங்க.

ஷிரோமி: ஐயோ, நீங்க சங்கத்து ஆளா நடிக்கணும். வீட்டுக்காரி மெடம்தான்.

ரிப்கா: இல்ல அக்கா... மொதல்ல நீங்க பேசுங்க. நான் கேட்டுப் படிச்சிக்கிறேன்.

ஷிரோமி: சரி. டக் டக். வீட்டுல யாரும் இருக்கீங்களா?

ரிப்கா: எங்க ஊட்டுல ஆருக்கும் இருமல் இல்ல.

ஷிரோமி: அடியேய், நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே!

ரிப்கா: ஆ... அவசரப்பட்டுட்டேன். சரி, கேளுங்க.

ஷிரோமி: தங்கச்சி, மேடேறி வந்ததுல மூச்சு வாங்குது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களா?

ரிப்கா: கெட்டிக்காரிதான் நீங்க. தண்ணி கேட்டா ஆருக்கும் இல்லன்னு சொல்ல ஏலா. ...இந்தாங்க. குடிச்சிட்டுப் போங்க.

ஷிரோமி: உள்ள இருமுறது யாரு?

ரிப்கா: அது தூசி. கடையில துணி மூட்ட பிரிச்சா தூசிதானே.

ஷிரோமி: எப்பருந்து இந்தத் தூசி?

ரிப்கா: நோன்புக்கு முந்தி தொடங்கிச்சி.

ஷிரோமி: ராவைக்கி வேர்க்குதா? காய்ச்சல் மாதிரி?

ரிப்கா: தலகாணி நனைஞ்சி போகும். சாப்பாடும் எறங்குறல்ல. காப்பு தானாக் கழண்டு விழுது... பாத்திரம் கழுவுற எடத்துல நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

ஷிரோமி: அம்மாடி, நல்லா நடிக்கிறீங்க ரிப்கா! உங்களுக்குத்தான் வேல.

ரிப்கா: ...நீங்க கேளுங்க. நிப்பாட்டாதீங்க.

ஷிரோமி: கிளினிக்குல காட்டினீங்களா?

ரிப்கா: ஏலா. தங்கச்சிக்குப் பேசி வெச்சீக்கி. ஹஜ்ஜுப் பெருநாள் முடிய நிக்காஹ். கிளினிக் வாசல்ல தெரிஞ்ச ஒராள் கண்டாப் போதும், மாப்பிள ஊட்டுக்குச் செய்தி போய்டும். பொறகு தங்கச்சி ஊட்டோடதான்.

ஷிரோமி: கிளினிக்குல யாரும் பேர் சொல்லி ஊரக் கூட்டுறதில்ல. சளிய டெஸ்ட் பண்ணுவாங்க, நெஞ்சு படம் எடுப்பாங்க. மருந்து அவங்களே தருவாங்க. விடாமக் குடிச்சா குணமாயிரும். கொஞ்ச நாள்லயே மத்தவங்களுக்குத் தொத்துறதும் நின்னுரும். வீட்டுல இருக்கிறவங்களையும் பாக்கணும். தங்கச்சியும் அதே காத்தத்தானே சுவாசிக்குது?

ரிப்கா: சொல்றது லேசு. உங்கட ஊட்டுல வந்தாத் தெரியும்.

ஷிரோமி: நடிச்சது போதும்.

ரிப்கா: எனத்தக்கா? நான் ஊட்டுக்காரியாத்தான் சொன்னேன்.

ஷிரோமி: எங்க வீட்டுல வந்துச்சு, ரிப்கா. எனக்குத்தான்.

ரிப்கா: ...உங்களுக்கா?

ஷிரோமி: பயந்துறாதீங்க, இப்ப ஒண்ணும் இல்ல. அப்ப நான் பல்லேகலயில கார்மெண்ட்ஸ்ல இருந்தேன். இருமிக்கிட்டே தைப்பேன். பக்கத்து மெஷின்காரி எடத்த மாத்திக்கிட்டுப் போனா. வீடு வீடா வர்ற மிட்வைப் மிஸ் இருமல் விசாரிக்க வந்தப்ப, அம்மா வாசல்லயே மறிச்சு நின்னு, "எங்க வீட்டுல யாருக்கும் இருமல் இல்ல"ன்னாங்க. நான் உள்ள தலகாணிய வாயில அமுக்கிக்கிட்டுக் கெடந்தேன்.

ரிப்கா: மெடம் சொன்ன அதே வார்த்த...

ஷிரோமி: அதேதான். சேர் இருமினதும், நான் வாசல்ல நிக்கிறவளா, உள்ள கெடக்குறவளான்னு எனக்கே புரியல்ல.

ரிப்கா: அத மெடத்துக்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா!

ஷிரோமி: சொன்னா வேல தருவாங்களா? கார்மெண்ட்ஸ்ல தெரிஞ்சதும், "ஒடம்பு தேறட்டும், பாப்போம்"னாங்க. தேறிட்டேன். யாரும் பாக்கல்ல.

ரிப்கா: இது காசநோய் சங்கமாச்சே.

ஷிரோமி: சங்கத்துலயும் மனுசங்கதானே இருக்காங்க.

ரிப்கா: ...பொறகு எப்பிடி கிளினிக்குக்குப் போனீங்க?

ஷிரோமி: ஒரு நாள் ரத்தம் வந்துச்சு. அம்மா பாத்துட்டு அலறினாங்க. அக்கம்பக்கம், மானம், வெக்கம் ஒண்ணும் பாக்கல்ல. த்ரீவீல் புடிச்சு ஏத்துனாங்க. இன்னும் முந்தி வந்திருந்தா நெஞ்சு இவ்வளவு பழுதாகியிருக்காதுன்னு டொக்டர் சொன்னாரு. இப்பயும் படியேறினா எளைக்கும்.

ரிப்கா: ரத்தம்னா... எவ்வளவு? ஒரு பொட்டு கண்டாலும் அதுதானா?

ஷிரோமி: ஏன் கேக்குறீங்க?

ரிப்கா: வாய் தொடைக்கிற லேஞ்சில ஈந்திச்சி. நேத்து. கழுவப் போட்ட துணிக்குள்ள ஒளிச்சீந்தா...

ஷிரோமி: யாரு ஒளிச்சா? ரிப்கா... இங்க பாருங்க. நீங்க நடிக்கல்ல, இல்ல?

திருச்செல்வம்: ரிப்கா! வாங்கோ பிள்ளை, கூப்பிடினம். என்ன பிள்ளை இது, அழுறியளோ? இன்டவியூதானே, ஒருத்தரும் கடிச்சுத் தின்னமாட்டினம்.

ஷிரோமி: கொஞ்சம் பொறுங்க ஐயா.

திருச்செல்வம்: மெடம் காத்துக்கொண்டிருக்கிறா. வாறியளோ, இல்லாட்டி அடுத்த ஆளைக் கூப்பிடட்டோ?

ஷிரோமி: ரிப்கா, கையக் குடுங்க. நான் என்னோடதச் சொல்லிட்டேன். நீங்க இந்த வேலைக்கி நெஜமா ஏன் வந்தீங்க?

ரிப்கா: வேலைக்கி வரல்ல அக்கா. இங்க சேந்தா மருந்த நம்மட கையில தந்து அனுப்புவாங்கன்னு நெனச்சேன்... கிளினிக் வாசல் மிதிக்காம, ஒருத்தருக்கும் தெரியாம எங்களப் பெத்த உம்மாக்குக் குடுக்கலாமேன்னு. ஐயா, மெடத்துக்கிட்டச் சொல்லுங்க, எனக்கு இன்டவியூ வாணாம், உம்மாவ எங்க கூட்டிட்டு வாறதுன்னு மட்டும் கேக்கணும். இந்த அக்காவயும் என்னோட உள்ள விடுங்க... தனியப் போனா என்ட வாயிலேருந்து பொய்தான் வரும்.