லிஃப்ட் குழியோரம் அழுதவன்

இப்போதெல்லாம் ஜனங்கள் எதற்கெடுத்தாலும் அழுகிறார்கள். பந்தாட்டத்தில் தோற்றால் அழுகை, ஜெயித்தாலும் அழுகை. எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடிப் பெண் ஒருத்தி போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுவாள். நடுவில் நிறுத்தி, படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அழுவாள். கண்ணீருக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது. நான் பெரியவனான பிறகு ஒரே ஒரு தடவைதான் அழுதிருக்கிறேன். அதைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பேனாவைக் கீழே வைக்காதீர்கள் அம்மா. நான் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தால் கேட்பதை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம், அது தெரியும்.

பெயர் டோபைவா. ஜிவா குலம், அதாவது தண்ணீர்க் குலம். முசாசா கோர்ட் என்கிற அடுக்குமாடிக் கட்டடத்தில் இருபத்தாறு வருஷமாகக் காவலும் பராமரிப்பும் என் வேலை. ஐந்து மாடி. லிஃப்ட் நின்று ஒன்பது வருஷமாயிற்று. பெட்டி மூன்றாம் மாடிக்கு மேலே தொங்குகிறது, கீழே குழியில் தண்ணீர். ஹராரே ஊர் முழுக்கக் குழாயைத் திறந்தால் காற்று வருகிறது, எங்கள் லிஃப்ட் குழி மட்டும் வற்றியதே இல்லை. பம்ப் வைத்து இறைத்தோம். மறுநாள் அதே அளவு நின்றது. ஆற்றை மறித்து அணை கட்டின பிறகு, ஆற்றுக்கடியில் இருந்த நீர்க்காரி குழாய் வழியாக ஊருக்குள் குடிவந்துவிட்டாள் என்று குடியிருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் நம்பவில்லை. நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை என் மனைவி ஷூவாய் அந்தக் குழிக்குள் போனாள். தரைத்தளத்து லிஃப்ட் கதவு திறந்திருந்தது. விளிம்பில் அவள் செருப்பு இரண்டும் ஒழுங்காக, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தவறி விழுகிறவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு விழ மாட்டாள். தீயணைப்புக்காரர்கள் வந்து கொக்கி போட்டுத் துழாவினார்கள். எட்டடிக் குழி. முப்பதடிக் கயிறு அடியைத் தொடவில்லை. அதைப் பார்த்ததும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே.

நீங்களும்தான். அதனால் விதி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீர்க்காரி ஒருவரை எடுத்துக்கொண்டால் அது சாவு இல்லை. கீழே வைத்து மருந்தும் மந்திரமும் சொல்லிக்கொடுப்பாள். மேலே இருப்பவர்கள் கேழ்வரகில் கள் ஊறவைத்து, ஏழாம் நாள் மத்தளம் கொட்டிக் கூப்பிட்டால் போனவர் பெரிய வைத்தியராகத் திரும்பி வருவார். ஒரே ஒரு நிபந்தனை. அதுவரை வீட்டார் யாரும் அழக்கூடாது. அழுதால் கீழே இருப்பவரைக் கொன்று மேலே அனுப்பிவிடுவாள்.

அன்று மத்தியானமே ஷூவாயின் அக்கா ரவீரோ முளைகட்டிய கேழ்வரகு மூட்டையோடு வந்து இறங்கினாள். குடியிருப்பவர்கள் எல்லோரையும் படிக்கட்டில் உட்காரவைத்தாள்.

“செத்தவளுக்குத்தான் அழணும். எந்தங்கச்சி படிக்கப் போயிருக்கா. எவளாவது மூக்க உறிஞ்சினா மூக்கு இருக்காது.”

மூன்றாம் மாடியில் போன் ரிப்பேர் செய்கிற ப்ராஸ்பர் கையைத் தூக்கினான். “அக்கா, ஞாயித்துக்கிழம எங்க டீம் ஆடுது. பாத்தா அழுதுருவேன். பாக்கலாமா?”

“பாரு. கண்ணுல துணியக் கட்டிக்கிட்டுப் பாரு.”

அன்றிலிருந்து கட்டடத்தில் யாரும் வெங்காயம் நறுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அதற்கு அறிவிப்பே போட்டார்கள். வெறும் கீரையும் வேர்க்கடலை விழுதும் போட்டுக் களியைத் தின்றோம். பால்குடிக் குழந்தைகள் இரண்டையும் தாய்மாரோடு உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் மாடிக் கணக்கு வாத்தியாருக்கு எப்போதும் ஒரு கண்ணில் நீர் வடியும். அவரையும் போகச் சொன்னாள் ரவீரோ.

“இது வியாதிங்க, அழுக இல்ல” என்றார் அவர்.

“அது தண்ணிக்குத் தெரியுமா வாத்தியாரே?”

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருமகன் வீட்டுக்குப் போனார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாற்பது வீட்டுக்காரர்கள் என் மனைவிக்காகக் கண்ணைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் வாடகைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள்.

நாலாம் நாள் ஐந்தாம் மாடிக் குழாயில் தண்ணீர் வந்தது. இனிப்பாக இருந்தது. மத்தியானம் லிஃப்டில் விளக்கு எரிந்தது. கரண்ட் இல்லாத நேரம். பிறகு பெட்டி தானாக இறங்கி, ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவைத் திறந்து மூடிவிட்டுப் பழைய இடத்துக்கே ஏறி நின்றது. உள்ளே யாரும் இல்லை, ஆற்றுச் சேற்று வாசனை மட்டும். ஜனங்கள் சுவரோரமாக ஒதுங்கிக் கைதட்டி வணங்கினார்கள். “ஷூவாயம்மா பழகிப் பாக்குறாங்க” என்றான் ப்ராஸ்பர். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் எழுந்து நின்றார்கள். வைத்தியச்சி புருஷன் என்று பேர். இருபத்தாறு வருஷத்தில் எனக்காக யாரும் எழுந்ததில்லை. இப்போதும் எனக்காக எழவில்லை, அவளுக்காக எழுந்தார்கள்.

ஐந்தாம் நாள் மொட்டை மாடியில் கள் பானையைக் கிளறிக்கொண்டே ரவீரோ கேட்டாள். “வந்ததும் மொத வார்த்தையா என்ன சொல்லுவா தெரியுமா மாப்பிள்ள?”

“பசிக்குதும்பா.”

“அவ எப்பப் பசின்னு சொல்லியிருக்கா. தன்ன யாரு அனுப்புனாங்கன்னு சொல்லுவா. எல்லார் முன்னாடியும். அதச் சொல்லி முடிச்சாத்தான் நெலத்துல கால் பாவும்.”

“நீர்க்காரி கூப்புட்டா, போனா. யாரு அனுப்புனது?”

“கூப்புடறது வேற மாப்பிள்ள. அனுப்புறது வேற.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பானையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த வியாழனுக்கு முந்தைய மூன்று நாளும், விடிந்து நான் பம்ப் போடுகிற நேரத்துக்கு, குழியிலிருந்து யாரோ “ஜிவா” என்று கூப்பிட்டார்கள். மரியாதையாக, குலப்பெயர் சொல்லி. முதல் நாள் குடியிருப்பவர் யாரோ என்று நினைத்து “இதோ வர்றேன்” என்று சொல்லிவிட்டேன். முகம் தெரியாத குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று எங்களில் நடை பழகும்போதே சொல்லித் தருவார்கள். இருபத்தாறு வருஷமாக எந்த மாடியிலிருந்து கத்தினாலும் இதோ என்று ஓடுகிறவனுக்கு அது மறந்துபோயிற்று. வியாழக்கிழமை அந்தக் குரல், “வர்றேன்னு சொன்னீங்களே” என்றது.

என்னைத்தான் அது கேட்டது. ஷூவாயை இல்லை. அவள் இதயக் குலத்துக்காரி, தண்ணீருக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் அறைக்குப் போய் என் நீலக் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன்.

“இதென்ன, உங்க கோட்டு எனக்கெதுக்கு?”

“கீழ குளிரும். பம்ப் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு. லிஃப்ட் கதவத் தெறந்து ஒரு எட்டுப் பாத்துட்டு வா. சாவி பையில இருக்கு.”

“நீங்க போகலியா?”

“முட்டி வலிக்குது.”

அவள் கையை நீட்டிப் பார்த்தாள். கோட்டுக் கை விரலைத் தாண்டித் தொங்கியது. “நாப்பத்தொரு வருஷத்துல இன்னிக்குத்தான் கோட்டு குடுக்கத் தோணிச்சாக்கும்” என்று சிரித்துக்கொண்டே போனாள். சந்தோஷமாகத்தான் போனாள். அதை நீங்கள் எழுதலாம்.

கெடுதல் செய்ய நினைக்கவில்லை. என் வாடையை வைத்து அது கொஞ்சம் குழம்பும், வேறு குலத்துப் பெண் என்று தெரிந்ததும் விட்டுவிடும் என்று நினைத்தேன். அது விடவில்லை. அவளைப் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. அவளை யாருக்கும் பிடிக்கும்.

ஆறாம் நாள் நண்பகல் எல்லோரும் மொட்டை மாடியில் இருந்தார்கள். கள் நுரைத்துவிட்டது, மறுநாள் காலை கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. மத்தளத் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கீழே வந்து லிஃப்ட் கதவைத் திறந்து விளிம்பில் உட்கார்ந்தேன். பையில் ஒரு வெங்காயம் இருந்தது. காலையில் சந்தையில் வாங்கியது.

கடித்து, சாற்றைக் கண்ணில் தேய்த்தேன். நீர் கொட்டியது. குழிக்குள் விழும்படி குனிந்துகொண்டேன். தண்ணீர் அசையவில்லை. லிஃப்ட் விளக்கு முன்போலவே எரிந்தது. அதற்குப் பொய் தெரிகிறது. வாத்தியாரை வீட்டிலேயே விட்டிருக்கலாம். அந்த நேரத்தில் எழுந்து போயிருந்தேன் என்றால் மறுநாள் அவள் வந்திருப்பாள். ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

அதனால் உட்கார்ந்து அவளை நினைத்தேன். வேண்டுமென்றே, ஒவ்வொன்றாக. பானையில் ஒட்டின களியை நின்றுகொண்டே சுரண்டித் தின்பாள், எனக்குப் பரிமாறின பிறகு. எங்கள் ஒரே பையனைப் புதைத்த அன்று நான் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும், “உங்க பங்கையும் நானே அழுதுட்டேன், நீங்க போய்ப் படுங்க” என்றாள். அதை நினைத்தபோது கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். இது வேலை செய்கிறது என்று தெரிந்தது. பிறகு கோட்டுக் கையை நீட்டிப் பார்த்தாளே, அதை எடுத்தேன். அது போதுமாக இருந்தது.

ரொம்ப நேரம் அழுதேன். எனக்கே நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தத் தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் குழி புகைபோக்கி மாதிரி. சத்தம் நேரே மொட்டை மாடிக்குப் போயிருக்கிறது. மேலே பேச்சு நின்றது. லிஃப்ட் விளக்கு அணைந்தது.

இரண்டு மணிக்கு ஷூவாய் மேலே வந்தாள். முகம் மேலே பார்த்தபடி, தூங்குகிற மாதிரி. தலைமுடி முழுக்கக் கோரைப்புல்லோடு சேர்த்துப் பின்னியிருந்தது, கடைசி ஒரு கைப்பிடி மட்டும் பின்னாமல் பாக்கி. கழுத்தில் வைத்தியர்கள் போடுகிற பாசிமணி. கையிடுக்கில் என் நீலக் கோட்டு இருந்தது, நாலாக மடித்து. ஒரு சொட்டுகூட நனையவில்லை. எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறாள்.

என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பாவம், மனுஷனால தாங்க முடியல” என்றார்கள். ப்ராஸ்பர் என் காலில் செருப்பை மாட்டிவிட்டான். கணக்கு வாத்தியார் திரும்பி வந்து, இரண்டு கண்ணாலும் அழுதார். அடக்கம் முடிந்ததும் ரவீரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாப்பிள்ள, ஒங்கமேல எனக்குக் கோவம் இல்ல. நாப்பது வருஷம் வாழ்ந்தவர் அழத்தானே செய்வாரு” என்றாள். நான் தலையாட்டினேன்.

வெங்காயத்தோடு நின்றிருந்தால் அவள் உயிரோடு இருப்பாள். நான் அவளை உண்மையாக நேசிக்காதவனாக இருந்திருந்தாலும் உயிரோடு இருப்பாள். அதை யாரிடம் சொல்வது? அதனால் இங்கே வந்தேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எப்போது என்று பார்த்தேன். கோட்டு மடித்திருந்ததைச் சொன்னபோது வைத்தீர்கள்.

“தாத்தா, பொண்டாட்டிக்காக அழுதது எந்தச் சட்டத்துல குத்தம்? கோட்டு குடுத்ததும் குத்தமில்ல. குழிய மூடாம வெச்சிருந்த கட்டடக்காரங்களத்தான் கேக்கணும். வீட்டுக்குப் போங்க, நல்லா ஒரு தடவ அழுங்க, மனசு லேசாகும்” என்கிறீர்கள்.

உங்கள் லாக்கப் எந்த மாடியில் என்று நான் கேட்டதற்குச் சிரித்தீர்கள். உள்ளே குழாய் உண்டா என்று கேட்டேன். “கொழாயெல்லாம் கெடையாது தாத்தா, வாளியிலதான் கொண்டு வந்து வெப்போம்” என்றீர்கள். வாளியும் வேண்டாம், ஒரு குவளை போதும் என்றேன். அதற்கும் சிரித்தீர்கள்.

தண்டனைக்காகத்தான் வந்தேன். வேறு எதற்கும் இல்லை. இந்த வாரம் செவ்வாய்க்கிழமையிலிருந்து குழியில் மறுபடி “ஜிவா” என்று கேட்கிறது, அது உண்மைதான். இப்போது ஷூவாய் குரலில் கேட்கிறது. கோபமாக இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கும் நான் இங்கே வந்ததற்கும் சம்பந்தமில்லை.

சரி, கிளம்புகிறேன். நான் குற்றவாளி இல்லை என்று நீங்கள் சொல்வதை நம்பவில்லை. படித்தவர்கள் சொன்ன எதையும் நான் நம்பினதில்லை. மழை விட்டிருக்கிறது, ஆனால் ரோட்டோரமெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. நான் நடு ரோட்டிலேயே நடந்துகொள்கிறேன். வண்டிக்காரர்கள் திட்டினால் திட்டட்டும்.