கடைசி பெஞ்சில் கோதண்டம் சார்

— மெதுவா எழுந்திரிங்க கோதண்டம் சார். ஒண்ணும் அவசரமில்ல. எல்லாரும் போயிட்டாங்க.

— இன்னாது? பெல் அடிச்சிட்டாங்களா?

— அடிச்சி ரொம்ப நேரமாச்சு. நீங்க முழிச்சிடக் கூடாதுன்னு பசங்க செருப்பக் கையில எடுத்துகிட்டு வெளிய போனாங்க.

— போச்சு, மானம் போச்சு. சுந்தராம்பா வகுப்புல புள்ளைங்க தூங்குதுங்களாம், போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுய்யான்னு பிரின்சிபால் அனுப்பறாரு. வந்தவன் உன் வகுப்புக் கடைசி பெஞ்சில படுத்துத் தூங்கிகினு கீறேன்.

— படுக்கல சார். செவுத்துல சாஞ்சிகிட்டு தான் இருந்தீங்க.

— கணக்கு வாத்தியாரா சொல்லணும்னா ரெண்டும் ஒண்ணு தான். தண்ணி கீதா?

— இந்தாங்க, கூஜாவுல இருக்கு.

— வெளிய இன்னாம்மா இவ்ளோ அமைதியா கீது?

— சாயங்காலம் ஆகப் போவுது சார். ஏரிப் பக்கம் கொக்கெல்லாம் திரும்புது பாருங்க.

— என் பொண்ணு வயசு உனக்கு. கோவிச்சிக்காத. மனசுல பட்டத மறைக்கத் தெரியாது எனக்கு. இந்த இசை ரசனை வகுப்ப அடுத்த வருஷத்துலேர்ந்து எடுத்துடலாம்னு சொல்ல முடிவு பண்ணிகினு தான் உள்ள வந்தேன்.

— தெரியும் சார்.

— எப்படித் தெரியும்?

— உள்ள வரும்போதே என் மூஞ்சியப் பாக்காம நேரா கடைசி பெஞ்சுக்குப் போனீங்க.

— பாடத்த எடுத்துட்டா உனக்கு இங்க வேலை கெடையாது. அதான் பாக்க முடியல. ஆனா நீயே சொல்லு. ஒரகடம், மணிமங்கலம், வல்லம்னு எல்லாம் ஏர் ஓட்டற வூட்டுப் புள்ளைங்க. படிச்சி முடிச்சா அம்பத்தூரு, கிண்டின்னு ஃபேக்டரிக்குப் போவும். நாள் பூரா மெஷின் சத்தத்துல நிக்கப் போறவனுக்கு ராகம் எதுக்கு?

— அந்தச் சத்தத்துல நிக்கப் போறான்னு தான் சார்.

— பரீட்சையும் வைக்க மாட்டேங்கற.

— வச்சா பயந்துகிட்டே கேப்பாங்க. பயந்தா காதுக்குள்ள ஒண்ணும் எறங்காது. நான் பாடச் சொல்லித் தரல சார், கேக்கத் தான் சொல்லித் தரேன். ரெக்கார்டு ஒண்ணப் போட்டுட்டு, கண்ண மூடிகிட்டு உக்காருங்க, எதுவும் புரியணும்னு இல்ல, மனசு எங்க போவுதோ போகட்டும்னு விட்டுடுவேன். லூர்தம்மான்னு ஒரு பொண்ணு, ஜன்னலோரம் உக்காருவா. வூட்ல ஒரே ரூம்ல அத்தன பேராம். தனியா இருக்கறதுன்னா எப்படி இருக்கும்னு இங்க வந்து தான் தெரிஞ்சிகிட்டேன் மிஸ்ங்கறா. அதுவும் பக்கத்துல முழங்கை இடிக்கிற மாதிரி ஆளு உக்காந்திருக்கும்போதே.

— தூங்குதுங்களே, அது?

— சில பேர் தூங்கிடுவாங்க தான். தூக்கத்துலயும் ஏதோ ஒரு ஓரத்துல கேட்டுகிட்டு தான் இருப்பாங்கன்னு நெனைக்கிறேன்.

— இத்த நேத்து சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்.

— இன்னிக்கி?

— இன்னிக்கி சிரிப்பு வரல.

— கனவு கண்டீங்களா சார்?

— கனவா இன்னான்னு தெரியல. வல்லக்கோட்டையில எங்க வூடு. காலம்பற நேரம், ஜன்னல்ல வெயில் மஞ்சளா வந்துகினு கீது. பாப்பம்மா என் சட்டையத் தேச்சிகினு நிக்கிறா. கரி போடற இஸ்திரிப் பொட்டி. அந்தச் சூட்டு வாசன கூட வருது.

— உங்க வீட்டம்மாவா?

— ஆமா. நீ இங்க வேலைக்கி வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டா. மஞ்சக்காமால. தேய்க்கும்போது எதையாவது முனகிகினே தேய்ப்பா. வார்த்த இருக்காது, வாய மூடிகினு மூக்காலயே பாடுவா. அவளா கட்டின மெட்டு. வேற எங்கியும் அத்த நான் கேட்டதில்ல.

— அது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

— அதாம்மா இல்ல. மொகம் போட்டோவுல கீது. பொடவ டிரங்குப் பொட்டியில கீது. கொரலு மட்டும் எதுலயும் இல்ல. கண்ண மூடி எத்தினியோ தரம் தேடிப் பாத்துட்டேன். கோயில் மேளம் வருது, ரேடியோல கேட்டது வருது, அது மட்டும் வரல.

— இன்னிக்கி வந்துச்சா?

— முழுசா வந்துச்சி. நடுவுல ஒரு எடத்துல கொஞ்சம் நிறுத்தி மூச்சு வுடுவா, அது கூட வந்துச்சி. நான் அசையாம நிக்கிறேன், அசைஞ்சா நின்னுடுமோன்னு. அவ திரும்பவேயில்ல. காலர மடிக்கிறா, ஒதறி மாட்டறா, பாடிகினே கீறா. நீ கூப்புட்டு எழுந்தேன், போயிடுச்சி.

— எழுப்பியிருக்கக் கூடாது நான்.

— அது இல்லம்மா. கண்ணுல ஏதோ தூசி.

— பரவாயில்ல சார். இந்த ரூம்ல யாரு வேணும்னாலும் அழலாம்.

— வகுப்பு இருக்கட்டும்னு பிரின்சிபால் கிட்ட சொல்லிடறேன். காரணம் கேட்டா இன்னா சொல்றதுன்னு தான் தெரியல. கணக்குல வராத காரணமா கீது.

— அத நாளைக்கி யோசிக்கலாம்.

— ஒண்ணு மட்டும் கேட்டுடறேன். அவ மெட்டு உன் ரெக்கார்டுல எப்படிம்மா வந்துச்சி? யாரு பாடுனது அது? இன்னொரு தபா போடேன்.

— இதுவான்னு பாருங்க சார். ம்ம்ம்… ம்ம்… ம்ம்ம்ம்…

— ஆமா.

— ம்ம்… ம்ம்ம்ம்… ம்…

— அதே தான். மூச்சு வுடற எடம் கூட. நிறுத்தாதம்மா. கொஞ்சம் இரு, நானும் கூடவே சொல்லிப் பாக்கறேன். ம்ம்ம்… ம்ம்… வருது. எந்த ரெக்கார்டு அது? அந்த உறையக் காட்டு.

— ரெக்கார்டு இல்ல சார். நீங்க உக்காந்த கொஞ்ச நேரத்துல கரண்ட் போயிடுச்சு. இன்னும் வரல. இன்னிக்கி நான் ஒண்ணுமே போடல.

— அப்போ புள்ளைங்க அவ்ளோ நேரம் இன்னாத்தக் கேட்டுகினு உக்காந்திருந்துச்சுங்க?

— உங்களத் தான் சார். தூக்கத்துல நீங்க தான் பாடிகிட்டே இருந்தீங்க.