மூடியில் எழுதாத டாக்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, மருத்துவர்களே, ஆய்வுக்கூட அண்ணன்மார்களே, அக்காமார்களே, என் அப்பாவைப் போலவே கை நடுங்க, கால் இழுக்க இங்கே வந்திருக்கும் பெரியவர்களே!

இந்த இரங்கல் கூட்டத்தில் நடுக்குவாத நோயாளிகளின் குடும்பங்கள் சார்பில் ஒருவர் பேசலாம் என்றார்கள். அப்பாவுக்கு இப்போது நாக்கும் குழறுகிறது. அதனால் நான் வந்தேன். தாள் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நடுக்கம் ஒன்றும் புதிதல்ல.

மூன்று வாரத்துக்கு முன் ஆய்வுக்கூடப் படிக்கட்டில் மாரடைத்து விழுந்து இறந்த நம் பென்சில் டாக்டரை எல்லாரும் புகழ்ந்தீர்கள். மேதை என்றீர்கள். கொண்டையில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார் என்று சொல்லிச் சிரித்தீர்கள். ஏன் பென்சில் என்று ஒருவராவது சொன்னீர்களா?

என் அப்பா தையல்காரர். இரண்டு வருடமாக அவரால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. முதல் நாள் டாக்டர் அவர் வலது கையிலிருந்து உளுந்தளவு தோல் எடுத்தார். "இத முதல்ல எந்தச் செல்லாவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லா மாத்துவேன், அப்புறம் மூளை நரம்பு செல்லா வளர்ப்பேன். கடையில வாங்குற ரெடிமேட் சட்டை இல்ல தையல்காரரே, உங்க துணியிலயே உங்க அளவுக்குத் தைக்கிறேன்" என்றார்.

"மூளைக்குள்ள போனா அது பிழைக்குமா டாக்டரம்மா?"

"தனியா விட்டா பிழைக்காது. கூடவே மருந்து போகணும். ஆனா மூளை வாசல்ல ஒரு காவல்காரன் நிக்கிறான், மாத்திரை எதையும் உள்ள விடமாட்டான். அதான் கண்ணுக்கே தெரியாத நானோ துகள்ல மருந்த ஒளிச்சு அனுப்புறேன்."

அப்பா யோசித்தார். "ட்ரயல் பாப்பீங்களா?"

"ட்ரயல் பாக்காம யாருக்குங்க சட்டை குடுப்பாங்க? ஆனா பட்டன் நீங்கதான் தச்சுக்கணும்!"

அன்று அப்பா சிரித்த சிரிப்பை நாங்கள் அதற்கு முன் எத்தனை மாதமாகக் கேட்கவில்லை தெரியுமா?

அந்தச் செல்களை உறைய வைக்கும் குழாயையும் எங்களுக்குக் காட்டினார். என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அதன் உடம்பில் பென்சிலால் 'தையல்காரர், வலது கை' என்று எழுதினார். "மை ஸ்பிரிட் பட்டா அழிஞ்சிடும், பென்சில் அழியாது. மூடியில எப்பவும் எழுதக் கூடாது பாப்பா. மூடி மாறும், உடம்பு மாறாது" என்றார். இதுதான் அந்தப் பென்சிலின் கதை! அடுத்தவர் செல் அப்பாவின் மூளைக்குள் போனால் அவர் உடம்பே அதை எதிர்த்துக் கிளம்பும் என்பதற்காகத்தான் அந்தப் பென்சில்!

போன திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை அப்பாவுக்குச் சிகிச்சை என்றார்கள். ஒரு குழாயை இடுக்கியில் எடுத்து, "இதுதான் உங்களோடது" என்று காட்டினார்கள். பார்த்தேன். 'தையல்காரர்' என்று இருந்தது. மூடியில் இருந்தது. நீல மையில் இருந்தது. உடம்பில் ஒரு எழுத்தும் இல்லை.

யார் எழுதியது? டாக்டர் கையெழுத்தா அது? டாக்டர் மூடியில் எழுதுவாரா?

அவர் இறந்த அன்றும் அடக்கம் செய்த மறுநாளும், உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் கொண்டுவரும் காஸ் வண்டி வரவில்லையாம். குழாய்களை வைத்திருக்கும் குளிர்த் தொட்டியின் மேல் எப்போதும் எழும் வெண்புகை அப்போது இல்லையாம். சொன்னது யார் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அந்த இரண்டு நாளில் உள்ளே இருந்தவை உருகிப் போயினவா? அப்படியானால், உருகாமல் இந்த ஒரு குழாய் மட்டும் எங்கிருந்து வந்தது? அதற்குள் இருப்பது யாருடைய செல்?

இயக்குநர் ஐயாவிடம் கேட்டேன். "சின்னப் பொண்ணு, நீ படிப்பைப் பாரு. டாக்டர் வேலைய டாக்டருங்க பாத்துக்குவாங்க" என்றார். ஐயா, நான் சந்தேகப்படுவது தவறாக இருக்கலாம். தவறாகவே இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன். அப்பாவின் ரத்தத்தில் ஒரு சொட்டு, அந்தக் குழாயிலிருந்து ஒரு துளி, இரண்டையும் ஒப்பிட்டால் சில நாளில் தெரிந்துவிடும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதுதான் அவர் சொன்ன ட்ரயல். அதைப் பார்க்க என்ன தயக்கம்?

அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய ஐந்து பேரும் உறுதி எடுத்தீர்கள். நானும் எடுக்கிறேன். இதோ, டாக்டர் எனக்குக் கொடுத்த பென்சில். இதை உங்கள் முன் வைக்கிறேன், ஐயா. சோதித்துவிட்டு, அந்தக் குழாயின் உடம்பில் அது யாருடையது என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். நீங்கள் எழுதுகிற அன்று நாங்கள் வருகிறோம்.

எழுத முடியாதென்றால் அதையும் இங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு இடது கையிலும் தோல் இருக்கிறது. முதலிலிருந்து தொடங்குவோம். எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். அதுவரை அவருக்கு ஊசியில் நூல் கோர்க்க நான் இருக்கிறேன்.