டப்பாவுக்குள் இல்லாத ரொட்டி

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பழச் சங்கத் தலைவர் சுவாமிநாதன் அவர்களே! பூண்டியிலிருந்து பனியிலே புறப்பட்டு, பாதையெல்லாம் நடுங்கி வந்து சேர்ந்திருக்கும் தோட்டப் பெரியவர்களே! பழம் நறுக்கிக் கறைபடிந்த கைகளோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! கொடைக்கானல் கடைவீதியில் பலசரக்கு விற்கும் யாகூப் உங்கள் முன் நிற்கிறேன். இந்தக் குளிரிலும் எனக்கு வேர்க்கிறது. பயம், அத்தனையும் பயம்!

இதோ, நம் சங்கத்தின் பிளம்ஸ் ஜாம் டப்பா! இதன் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். வெள்ளைத் தட்டு, தட்டிலே ரொட்டித் துண்டு, துண்டின் மேலே ஜாம், பக்கத்திலே பால் தம்ளர். அழகுதான்! ஆனால் திறந்தால் ரொட்டி இருக்கிறதா? பால் இருக்கிறதா? உள்ளே இல்லாததை வெளியே ஏன் வரைந்தோம்? இப்படிச் சாப்பிடலாம் என்று யோசனை சொல்கிறோமாம்! பங்களா துரைமாருக்கு அந்த யோசனை புரியும். அவர்களுக்குக் காலை ஆகாரமே அதுதான். நம் சனத்துக்கு?

என் கடையில் ஒருவர் ரொட்டி வாங்கிக்கொண்டு படியிறங்கினால் எதிரே வருகிறவர் என்ன கேட்கிறார்? "வீட்ல யாருக்குங்க காச்சல்?" என்றுதானே! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான். நம் ஊரில் ரொட்டியும் பாலும் நோயாளிச் சாப்பாடு. டாக்டர் சொன்னால்தான் தொடுவோம். அந்த இரண்டையும் ஒரு டப்பாவில் அச்சடித்தால் பார்க்கிறவர் என்ன எண்ணுவார்? மருந்து என்று எண்ணுவார். எண்ணியே விட்டாள் ஒருத்தி!

வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப்பாதை ஏறி வரும் சின்னத்தாயியை உங்களில் பலருக்குத் தெரியும். சந்தைக்கு வந்தவள் இந்த டப்பாவை வாங்கிப் போயிருக்கிறாள். மகள் வள்ளிக்குக் காய்ச்சல். ரொட்டிக் கடை இல்லாத ஊர். படத்தில் இருக்கும் சத்தெல்லாம் உள்ளே இருக்கும் என்று நம்பினாள். காலையும் மாலையும் கரண்டியில் ஊட்டினாள். காய்ச்சல் தணியவில்லை, அவள் நம்பிக்கையும் தணியவில்லை! கண் செருகிய பிறகுதான் டோலி கட்டி இங்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். "குடல் காய்ச்சல். ஏம்மா, மொதல்லயே கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார் டாக்டர். "மருந்து குடுத்துக்கிட்டுத்தாங்க இருந்தேன்" என்றாள் அவள்.

அங்கே யார் எழுந்து நிற்பது? வேலப்பனா? சத்தமாகச் சொல்லப்பா! "படிக்காத பொம்பள செஞ்ச தப்புக்கு டப்பா என்னங்க பண்ணும்?" என்கிறான். படிக்கத் தெரியாதவர் பார்க்கட்டும் என்றுதானே வேலப்பா படமே போட்டோம்!

நாளை வெள்ளனே பங்குனி உத்திரக் கூட்டத்துக்காக லாரி பழனிக்கு இறங்குகிறது. லாரி நிறைய இந்த டப்பா. பழனியாண்டவர் அடிவாரத்தில் வாங்கியதைப் பக்தர் வெறும் பண்டமாகவா எடுத்துப் போவார்? கண்ணில் ஒற்றிக்கொண்டு போய், வீட்டில் படுத்துக் கிடப்பவருக்குத்தான் முதலில் ஊட்டுவார். அதன் மேல் இந்தப் படமும் இருந்தால்? எத்தனை ஊர்! எத்தனை வீடு! எத்தனை வள்ளி!

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். இன்றைக்கே லேபிளைக் கிழியுங்கள். வெறும் பழத்தை வரைந்து ஒட்டும்வரை லாரி நிற்கட்டும். திருவிழா வியாபாரம் போய்விடும் என்கிறீர்களா? போகட்டும்! என் கடை வியாபாரமும் சேர்ந்தே போகட்டும்!

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வள்ளி இன்னும் கண் திறக்கவில்லை. பிழைப்பாளா என்று கேட்டேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் என் நன்றியும் வணக்கமும். ஓட்டுப்போடக் கை தூக்கும் முன், நான் ஆஸ்பத்திரி வாசல் தாண்டும்போது சின்னத்தாயி ஓடிவந்து சொன்னதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்:

"பாய், வீட்ல இருந்த டப்பா தீந்து போச்சுங்க. வெரசா இன்னொண்ணு கொண்டாங்க. அதக் குடுத்தா எம்புள்ள எந்திரிச்சிரும்."