கியர் பெட்டியில் வாழைப்பழத் தோல்

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் சார். என் காரின் கியர் பெட்டிக்குப் பார்த்துப் பார்த்து எண்ணெய் விட்ட மாதிரி என் தலைக்குக்கூட நான் விட்டுக்கொண்டதில்லை. வழுக்கையைப் பார்த்தாலே தெரியும். தியாகராய நகரில் சத்தமே இல்லாத கார் அது ஒன்றுதான். பக்கத்தில் போனால் தெருவில் படுத்திருக்கும் மாடுகூடக் கண்ணைத் திறக்காது.

ரிடையர் ஆனபின் எனக்கு மிஞ்சியது அந்தக் காரும் என் ஒரே மகள் சண்முகவடிவும்தான். அவளைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டோடு இருந்தவர் மாப்பிள்ளை சிதம்பரநாதன். நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று இந்த ஏப்ரலில் பட்டணமே காலியானதே, மயிலாப்பூர் தெப்பக்குளத்து மீன்கூட மூட்டை கட்டியது. மாப்பிள்ளையும் வடிவை விழுப்புரத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு என் காரிலேயே கூட்டிப்போவதாகச் சொன்னார். என்னையும்தான் கூப்பிட்டார்கள். சம்பந்தி வீட்டில் போய்க் கிடக்க எனக்கு மனமில்லை. போகாதே என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அவர் சொன்னா போகணும்லப்பா" என்றாள்.

அதற்குமேல் ஒரு அப்பன் என்ன செய்ய முடியும்.

கிளம்புகிற அன்று காலையில் காருக்கடியில் படுத்தேன். அடித் திருகைக் கழற்றி, எண்ணெயைப் பழைய தாம்பாளத்தில் வடித்தேன். புது எண்ணெய் விடவில்லை. வெறும் பெட்டி ஊளையிடும், மாப்பிள்ளைக்கோ பாம்புக் காது. அதனால் பழைய கார் விற்கிறவர்கள் செய்கிற வேலையைச் செய்தேன். வாழைப்பழத் தோலை உள்ளே திணித்தால் பற்களுக்கிடையே போய் உட்கார்ந்து சத்தத்தை அமுக்கிவிடும். அதைத்தானே நீங்கள் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். பழத்தை வடிவிடம் கொடுத்தேன், வழிக்கு ஆகட்டும் என்று.

மாப்பிள்ளை வந்து பக்கத்தில் குந்தினார். எண்ணெய் மாற்றியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். அளவு பார்க்க நீட்டிய கையைத் தானே இழுத்துக்கொண்டார்.

"நீங்க பார்த்ததுக்கு மேல நான் என்னத்தைப் பார்க்க, மாமா. என்னையும் நீங்களே வளர்த்திருந்தா இப்படிக் குறட்டை விடமாட்டேனாம், வடிவு சொல்றா."

சிரித்தேன். நன்றாகத்தான் பேசுவார்.

வண்டி கிண்டியில் நின்றுவிடும், மாட்டு வண்டி பிடித்து மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்பது என் எண்ணம். அவர்களுக்கும் சேர்த்தே உலை வைக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் சொட்டு எண்ணெய் இல்லாமல் அது தாம்பரத்தையே தாண்டியிருக்கிறது. என் பராமரிப்பு அப்படி. ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேல்தான் பெட்டி இறுகியது. இறுகிவிட்டால் சக்கரம் சுற்றாது, தள்ளவும் முடியாது. வடிவை இழுத்து வெளியே விட்டவர் மறுபடியும் வண்டியைத் தள்ளப் போனாராம். மாமா காரை விட்டுவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்மேனிடம் சொன்னாராம். கேட்மேன் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடியும் ரயில் நிற்கவில்லை.

இன்றுவரை ஒரு குண்டும் விழவில்லை, பார்த்தீர்களா. அவர்கள் போயிருக்கவே வேண்டாம்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். வடிவு உள்ளே இருக்கிறாள். இனி எங்கேயும் போகமாட்டாள். நான்தான் ஊட்டிவிடுகிறேன். தினமும் ஒன்றைத்தான் கேட்கிறாள்: "எண்ணெய் இருக்கான்னு பார்க்காமலாப்பா அவர் கிளம்பினார்?"

ஆமாம்மா, பார்க்கவில்லை என்கிறேன். பெற்ற பெண்ணிடம் நான் பொய் சொன்னதே கிடையாது, சார்.