மாமனார் காரின் சத்தம்

மருத்துவமனையில் கால் உடைந்து கிடக்கும் மகனைப் பார்த்துவிட்டு, ஈப்போவில் சிலிம் ரிவர் போகும் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மடியில், செய்தித்தாள் சுற்றிய புதுக் கார் சைலன்சர்.

"ரப்பரை யாராச்சும் சைலன்சர்ல அடைப்பாங்களா மச்சான்?" என்றார் மற்றவர்.

"பழசுல ஓட்டைலா. மாமனார் பாரிட் புந்தார் போயிருக்காரு. அவருக்குத் தெரியாம காரை எடுக்கிறேன், அத்தைக்குச் சத்தம் கேக்கக் கூடாதுல்ல? ரப்பர் தோட்டத்து ஒட்டுப்பாலை உருட்டி அடைச்சேன்."

"அப்புறம்?"

"சூட்டுல உருகி உள்ள போய் அடைச்சுக்கிச்சு. கார் மேடு ஏறல. மெக்கானிக் பைப்பைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணினான், எஞ்சின் சும்மா பறக்குது. சைலன்சரை மாத்துன்னுட்டான். நாளைக்கு மாமா வர்றதுக்குள்ள மாட்டிட்டா ஒண்ணும் தெரியாது."

"தெரியாதா? அந்தக் கார் சத்தம் தோட்டத்துக்கே தெரியும். நாளைக்குப் பூனை மாதிரி ஓடினா மனுசன் கேக்க மாட்டாரா?"

மடியில் இருந்த புதுச் சைலன்சரைத் தடவியபடி அவர் மெல்லக் கேட்டார்:

"மச்சான், ஒங்க வீட்டுல சுத்தியலும் பெரிய ஆணியும் இருக்கா?"