தேரைக்குக் கீழே கல்

வாய் முகம் பூரா இருக்கும், ஆனா வாயால ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காது. அது என்ன, சொல்லுங்க பாப்போம். யோசிச்சுக்கிட்டே இருங்க தம்பி, அதுக்குள்ள நான் கல்லை அள்ளிடறேன். உக்காருங்க, அந்த ஸ்டூல்ல. இன்னொரு தடவை தூக்கிப் பாக்க வேண்டாம், இடுப்புப் பிடிச்சிக்கும். தொட்டி கனம் இல்ல. அடியில கிடக்குதே, அதுதான் கனம். அதை எடுத்துட்டா நீங்க ஒருத்தரே தூக்கி வண்டியில ஏத்திடலாம்.

பானை இல்ல. குழாயும் இல்ல. மடியில வாளி வச்சிருக்கீங்களே, அதுக்குள்ளதான் விடை இருக்கு. துணியை லேசா ஒதுக்கிப் பாருங்க. ஆமா, தேரை. அது வாயால குடிக்காது. ஈரமா இருக்கிற இடத்துல போய் வயித்தை வச்சு உக்காந்துக்கும், தண்ணி தோல் வழியாவே உள்ள போயிரும். எம் பொண்ணு போடற விடுகதை. வீட்டுக்கு யார் வந்தாலும் விடமாட்டா. சிலிண்டர் போட வர்றவரு அவளைப் பாத்தாலே வாசல்லயே வச்சுட்டு ஓடிருவாரு.

அய்ய, விரலை விடாதீங்க. பயந்தா ஒண்ணுக்கு அடிச்சிரும், உங்க பேன்ட்டுதான் நனையும். உங்களைவிட அதுங்கதான் பயந்து கிடக்கு. பெருசு பேரு மேனேஜர். வாயே திறக்காது, தொண்டை மட்டும் ஆடிட்டே இருக்கும், அதனால அந்தப் பேரு. சின்னது தலையணை. அமுக்குனா எப்படி இருக்கும்னு நெனைச்சு வச்சாளோ என்னவோ. அமுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

கொஞ்சம் அந்த பேசினைத் தள்ளுங்க. செடியை மொதல்ல வெளிய எடுத்துக்கறேன். வேரு பாத்தீங்களா, வெள்ளையா இருக்கு. அழுகல் இல்ல. நல்லாத்தான் கட்டியிருக்கேன்.

மொதமொதல்ல ஒரு பிளாஸ்டிக் டப்பால வெறும் மண்ணைக் கொட்டித்தான் விட்டோம். அப்ப மூணு பேரும் ஒரே வீட்டுல இருந்தோம். செடி வாடுதேன்னு நான் தண்ணி ஊத்துவேன். தேரை காயுதேன்னு அவ ஊத்துவா. யாரும் ஊத்தலையேன்னு அவ அப்பா ஊத்துவாரு. ஒருத்தரை ஒருத்தர் கேக்கறதில்ல. சண்டைன்னு சொல்ல முடியாது தம்பி, பேச்சு நின்னுபோச்சு, அவ்வளவுதான். டப்பால ஊத்துன தண்ணிக்குப் போக வழியில்ல. மண்ணு புளிச்சு, அழுகுன முட்டை மாதிரி நாத்தம். மேனேஜருக்கு வயித்துல செவப்பா புண்ணு வந்திருச்சு. அதுக்கப்புறம்தான் அடுக்கு வச்சுக் கட்டக் கத்துக்கிட்டேன்.

பெரிய வித்தை எல்லாம் இல்ல. அடியில ஒரு அடுக்கு, கல்லோ என்னவோ, சந்து சந்தா இருக்கணும். அது மேல வலை. வலை மேல மண்ணு. மேல ஊத்துற தண்ணில மண்ணுக்கு வேணுங்கறது போக, மிச்சம் கீழ எறங்கி அங்க நின்னுக்கும். மண்ணு ஈரமா இருக்கும், சேறாகாது. வலையை மட்டும் விட்டுடக் கூடாது. விட்டா மண்ணு கீழ போய் சந்தை எல்லாம் அடைச்சிரும். அப்புறம் அடுக்கு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். பாருங்க, இதோ வலை. கொசுவலைதான். பழசு கிழிஞ்சதுல வெட்டுனேன்.

ரத்தமா? எங்க? ஓ. கண்ணாடி விளிம்பு கீறியிருக்கும். தெரியவே இல்ல பாருங்க. இருங்க, கழுவிட்டு வந்துடறேன். சோப்பு போடாமத்தான். சோப்பு இருந்தா அதுங்க தோலுக்கு ஆகாது.

ம், விடுகதையில இருந்து எங்கயோ போயிட்டேன். நான் பல் செட் செய்யற இடத்துல வேலை பாக்கறேன். அச்சு வாங்கி, மாவு ஊத்தி, உரசி உரசிச் சரி பண்ற வேலை. இந்தத் தேரைக்குப் பல்லே கிடையாது, தெரியுமா? அம்மாவுக்கு நம்ம வீட்டுலயே வியாபாரம் இல்லன்னு எம் பொண்ணு கிண்டல் பண்ணுவா.

இந்தத் தொட்டி அவரு தனியாப் போனப்புறம் கட்டுனது. பொண்ணு எங்கிட்ட இருக்கட்டும்னு கோர்ட்டுல நானும் கேட்டேன், அவரும் கேட்டாரு. அங்க ஒரு மேடம் இருக்காங்க, குழந்தைங்ககிட்ட பேசறவங்க. அவங்க சொன்னாங்க, உங்க ரெண்டு பேரையும் கேட்டாச்சு, இனி பாப்பாவைத் தனியா உக்காரவச்சுக் கேக்கறோம்னு. கேக்கறதுக்குத் தேதியும் குடுத்தாங்க. வந்த கையோட நான் கடைக்குப் போனேன்.

கடையில ரெண்டும் இருந்துச்சு. சுட்ட களிமண் உருண்டை, அதோ உங்க கால்கிட்ட இருக்கே, இப்ப வாங்கிட்டு வந்த அந்த மூட்டை. ஒண்ணு எடுத்துப் பாருங்க. எடையே இல்லல்ல? கடைக்காரரு அதைத்தான் போடச் சொன்னாரு. நான் கல்லுதான் வேணும்னேன். ஏம்மா, தேரைக்கு வீடு கட்டப் போறீங்களா, இல்ல பாலம் கட்டப் போறீங்களான்னாரு.

ஏன்னு கேக்கறீங்களா? கனமா இருக்கணும்னுதான் தம்பி. அவரு வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உங்களுக்குத்தான் தெரியுமே, அட்ரஸ் குடுத்தப்பவே முனகுனீங்க. அங்க ஏத்த முடியாதுன்னு பாத்தாலே தெரியணும். தெரிஞ்சா அவ எங்கயும் போகமாட்டா, அதுதான் கணக்கு. தூங்கி எந்திரிச்சா அவ என் மூஞ்சியில முழிக்கமாட்டா, இதுங்க மூஞ்சியிலதான் முழிப்பா. காய்ச்சல் வந்தப்பகூட பாயை இங்க கொண்டாந்து போடச் சொன்னவ. கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கும் சாமி படியளக்கும்னு சொல்லுவாங்கல்ல. நான் தேரைக்குக் கீழ கல்லை வச்சேன்.

கல்லு மூட்டையை எறக்குனதும் அவளே கேட்டா, ஏம்மா இவ்வளவுன்னு. அப்பத்தான் ஆடாம இருக்கும்னேன். சரின்னு கூட உக்காந்து கழுவிக் கழுவிக் குடுத்தா.

எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல. பசிக்கமாட்டேங்குது, அவ்வளவுதான். நேத்து ஒரு செட்டுல மேல்வரிசையைத் தலைகீழா வச்சுட்டேன். எங்க ஓனரு அதைப் பாத்துச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

அந்த மூட்டையை இப்படிக் கவுத்துங்க. மெதுவா. போதும், நாலு விரல் உயரம் வந்தாச்சு. வலையோட அந்த முனையைப் பிடிச்சுக்கங்க. சுருக்கம் விழக் கூடாது, ஓரத்துல கொஞ்சம் மேல ஏறி நிக்கட்டும். ம். உங்களுக்குக் கை நல்லா வருது. இந்த மூலையில குழாய் ஒண்ணு சொருகறேன் பாருங்க, அடிவரைக்கும் போகணும். கீழ தண்ணி ஜாஸ்தியாயிட்டா இது வழியா உறிஞ்சி எடுத்துடலாம். இப்ப மண்ணு. தென்னைநார்த் தூள் கலந்தது. அழுத்தாதீங்க, அதுங்க தோண்டிப் போய்ப் படுத்துக்கும். பெரணி இங்க. பாசி ஓரத்துல. காஞ்ச இலையை மேல பரத்துங்க. எப்படி வேணா போடுங்க, அழகு பாக்க அதுங்களுக்கு நேரம் இல்ல.

இப்ப தூக்கிப் பாருங்க.

பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே.

நான் வரலை தம்பி. அவருகிட்ட இதை மட்டும் சொல்லிடுங்க. குழாய்த் தண்ணியை ஒரு நாள் திறந்து வச்சுட்டுத்தான் ஊத்தணும். வெயில் படற ஜன்னல்கிட்ட வைக்கக் கூடாது. தீனி நான் அனுப்பறேன், பாச்சை பிடிக்க அவருக்கு வராது. கரப்பானைப் பாத்தாலே கட்டில் மேல ஏறிடுவாரு. தொட்டியை அனுப்பறேன்னு போன்ல சொன்னேன். சரி, மேசையைக் காலி பண்ணி வைக்கறேன்னாரு. நல்ல மனுஷன்தான்.

வேகத்தடை வந்தா ஊர்ந்து போங்க. பாப்பா ஸ்கூல் விட்டு அங்க வர்றதுக்குள்ள வச்சிட்டா நல்லது. அவளுக்குத் தெரியாது, இது வருதுன்னு.

இல்லையே, இதை வேணும்னு அவ எங்க கேட்டா? அவ ஒண்ணும் கேக்கலை. அந்த மேடம்தான் கேட்டாங்களாம், யாருகூட இருக்கப் போறன்னு. அப்பாகூடன்னாளாம். அங்க தேரையை எல்லாம் கொண்டுபோக முடியாதேம்மான்னாங்களாம். பரவாயில்ல, அப்பாகூடன்னாளாம்.